ஒலிம்பஸ் உச்சிக்கு ஏறுவது எப்படி: ப்ரியோனியாவிலிருந்து மிட்டிக்காஸ் வரை

ஒலிம்பஸ் மலைக்குப் போய்வந்தேன் என்று சொல்கிறவர்களில் பலர் உச்சியைத் தொட்டிருக்க மாட்டார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஸ்காலா என்ற முகடு வரை நல்ல நடைபாதை இருக்கிறது. மூச்சு வாங்கும், தொடை வலிக்கும், ஆனாலும் நடந்துவிடலாம். ஸ்காலாவில் ஏறி நின்றபிறகுதான் மிட்டிக்காஸ் கண்ணுக்கு நேரே வரும். 2,918 மீட்டர், கிரீஸ் நாட்டின் மிக உயரமான இடம். நமக்கும் அதற்கும் நடுவே பாதை என்று எதுவும் தெரியாது. உடைந்த பாறைகள், அவற்றின் மேல் யாரோ பூசிய வண்ணப் பொட்டுகள், இடப்பக்கம் வெறும் காற்று. பாதிக்கு மேல் ஆட்கள் அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துவிடுவார்கள்.

முதல் முறை நானும் அப்படித்தான் திரும்பினேன். ஒன்பதரை மணிக்கே மேகம் ஏறிவிட்டது, எதிரே இருந்த சிகரம் காணாமல் போய்விட்டது. இரண்டாம் முறைதான் ஏற முடிந்தது. இரண்டு பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த மலையின் கஷ்டமெல்லாம் கடைசி முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒன்றரை நாளில் செய்யும் ஒவ்வொன்றும், எப்போது தூங்குவது, எவ்வளவு சுமப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம், அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான். இந்த வழிகாட்டியையும் அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

முதலில் மலையைப் புரிந்துகொள்வோம்

ஒலிம்பஸ் ஒற்றைச் சிகரம் இல்லை. ஒரு பெரிய பாறைத் திரளின் மேல் பல கொம்புகள் முளைத்த மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியவை நான்கு. மிட்டிக்காஸ் மிக உயரமானது. கிரேக்க மொழியில் மூக்குக்கு மீத்தி என்று பெயர், அதிலிருந்து வந்த பெயர் இது. அதை ஒட்டி வடக்கே ஸ்டெஃபானி. நாற்காலியின் முதுகு போல நிமிர்ந்து நிற்பதால், இடிமின்னல் தேவனான ஜீயஸின் அரியணை என்பார்கள். ஸ்கோலியோவும் 2,900 மீட்டரைத் தாண்டியதுதான், ஆனால் கையை ஊன்றாமல் நடந்தே ஏறலாம். இவற்றுக்கு நடுவே, 2,900-க்குச் சற்றுக் கீழே, ஸ்காலா. படிக்கட்டு என்று பொருள். எல்லோரும் வந்து சேரும் சந்திப்பு இது.

இடப் பெயர்களிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்காலாவிலிருந்து மிட்டிக்காஸுக்குப் போகும் வழியின் பெயர் காகோஸ்காலா, அதாவது பொல்லாத படிக்கட்டு. அதன் பக்கத்தில் சுமார் 500 மீட்டர் ஆழத்துக்கு விழும் பள்ளத்தின் பெயர் கஸானியா, கொப்பரைகள். காலையில் அதிலிருந்து மேகம் கொதித்து எழும்புவதைப் பார்த்தால் பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும்.

புராணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மேலே போனபின் வாய் பேசாது. பன்னிரண்டு தேவர்களின் வீடு இது. முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களோடு நடந்த 10 ஆண்டுப் போரில் ஜீயஸின் பக்கம் ஒலிம்பஸில் முகாம், எதிர்ப்பக்கம் தெற்கே ஓத்ரிஸ் மலையில். கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸை இங்கிருந்துதான் தூக்கி எறிந்தார்கள். ஒரு பகல் முழுக்க விழுந்து லெம்னோஸ் தீவில் போய் விழுந்தார் என்பது கதை. ஓட்டஸ், எஃபியால்டிஸ் என்ற இரண்டு ராட்சதச் சகோதரர்கள், வானத்தை எட்டுவதற்காக ஒலிம்பஸின் மேல் ஓஸ்ஸா மலையையும் அதன் மேல் பெலியோன் மலையையும் அடுக்கப் பார்த்தார்களாம். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து தெற்கே ஓஸ்ஸாவைப் பார்க்கலாம். அங்கே நின்று பார்க்கும்போது அந்தக் கதை கொஞ்சம் நியாயமாகவே படும்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒலிம்பிக் போட்டி நடந்த ஒலிம்பியா இதுவல்ல. அது தெற்கே பெலோபொனீஸ் பகுதியில் வெகு தூரத்தில் இருக்கிறது.

எந்த மாதம்

ஹோமரின் ஒடிசியில், ஆறாம் பாடலில், ஒலிம்பஸைக் காற்று அசைக்காது, மழை நனைக்காது, பனி நெருங்காது, எப்போதும் மேகமற்ற ஒளி என்று வரும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மலையிலிருந்து ஏஜியன் கடல் 20 கிலோமீட்டருக்குள்தான். கோடையில் வெயில் ஏற ஏற, கடல் பக்கத்து ஈரக் காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும். காலை 7 மணிக்குக் கண்ணாடி போலிருந்த வானம் 11 மணிக்கு வெள்ளையாகிவிடும், பிற்பகலில் இடிகூட இடிக்கும். பாறை முகட்டில் நிற்கும்போது மின்னல் வந்தால் ஒளிய இடமில்லை. மலையின் உச்சியில் இடிமின்னல் தேவன் குடியிருக்கிறான் என்று பழங்காலத்தவர் சொன்னது சும்மா இல்லை.

நடந்து ஏறுபவர்களுக்கு உகந்த காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஜூனில் கூட மேல் ஓடைகளில் பனி உறைந்து கிடக்கலாம். அதைக் கடக்கக் கிராம்பானும் (ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) ஐஸ் கோடாரியும் தேவைப்படலாம். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. கூட்டம் குறைவு, இடி குறைவு, பாறை காய்ந்திருக்கும். பகல் சுருங்குவதுதான் குறை. குளிர்காலத்தில் இது வேறு மலை. பனிச்சரிவு விழும். அதற்கு இந்த வழிகாட்டி போதாது.

லிட்டோகோரோ வரை

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பக்கத்துப் பெரிய நகரம் தெசலோனிக்கி, சாலை வழியாக ஏறக்குறைய 90 முதல் 100 கிலோமீட்டர். அங்கிருந்து காட்டரீனி என்ற ஊருக்குப் போய், அங்கே பேருந்து மாறி, மலையேற்றம் தொடங்கும் ஊரான லிட்டோகோரோவுக்கு வரலாம். லிட்டோகோரோவுக்கு ரயில் நிலையமும் உண்டு, ஆனால் அது கடலோரத்தில் இருக்கிறது, ஊரோ மலையடிவாரத்தில். நடுவே சில கிலோமீட்டர் டாக்சிதான்.

சின்ன ஊர். கடைத்தெருவில் நின்று நிமிர்ந்தால் எனிப்பியாஸ் பள்ளத்தாக்கின் வாய் தெரியும், அதற்கு மேலே சிகரங்கள். முந்தைய இரவை இங்கேயே கழியுங்கள். மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடைகளும் மளிகைக் கடைகளும் உண்டு. ரொட்டி, சீஸ், உலர்பழம், கொட்டை வகை எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். கையில் யூரோ ரொக்கம் இருக்கட்டும்.

ஊரிலிருந்து ப்ரியோனியா என்ற இடம் வரை 18 கிலோமீட்டர் மலைச்சாலை. முறையான பேருந்தை எதிர்பார்க்காதீர்கள். வாடகைக் காரில் போகலாம், அல்லது டாக்சி. டாக்சி என்றால் திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது.

காரே வேண்டாம், ஊரிலிருந்தே நடக்கிறேன் என்பவர்களுக்கு எனிப்பியாஸ் பள்ளத்தாக்கு வழி இருக்கிறது. ஈ-4 என்ற ஐரோப்பிய நெடுவழிப் பாதையின் ஒரு பகுதி அது. சுமார் 10 கிலோமீட்டர், மரப்பாலங்கள், பச்சை நிறத்தில் தேங்கி நிற்கும் ஓடைநீர், குகைக்குள் ஒரு சின்னத் தேவாலயம். ப்ரியோனியாவை நெருங்கும்போது புனித டியோனிசியோஸின் பழைய மடாலயம் வரும். 16-ஆம் நூற்றாண்டில் கட்டியதை 1943-ல் ஜெர்மானியப் படைகள் தகர்த்தன. இடிபாடும் மீட்டுக் கட்டிய பகுதியும் இன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அழகான வழிதான், ஆனால் ஐந்து மணி நேரம் போல எடுக்கும். ஏறி இறங்கி ஏறும் பாதை. அதே நாளில் இரவு தங்கும் மலைக்குடில் வரைக்கும் ஏறவேண்டும் என்றால் மறுநாள் காலுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. உச்சிதான் குறி என்றால் ப்ரியோனியா வரை வண்டியில் போங்கள். பள்ளத்தாக்கைத் திரும்பும்போது இறக்கமாக நடக்கலாம்.

பையில் என்ன

பை 7, 8 கிலோவைத் தாண்டக் கூடாது. குடிலில் சாப்பாடும் படுக்கையும் கிடைப்பதால் கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம்.

ஹெல்மெட் அவசியம். இதில் பேரம் கிடையாது. மிட்டிக்காஸில் விழுந்து அடிபடும் பயம் மட்டுமல்ல, மேலே போகிறவர் காலால் தட்டிவிட்ட கல் தலையில் விழும் பயமும் உண்டு. அடி கெட்டியான, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். புது ஷூவை இந்த மலைக்கென்று எடுத்துவைக்காதீர்கள், ஊரிலேயே போட்டுப் பழகுங்கள். மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, கோடையானாலும் மெல்லிய கையுறை, குல்லா. ஆகஸ்ட்டில் கூட விடியற்காலை முகட்டில் காற்று எலும்பைத் தொடும். தலையில் கட்டும் டார்ச், குடிலில் விரித்துப் படுக்க உறைபோல் தைத்த மெல்லிய துணி, காதில் வைக்கப் பஞ்சு. பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டைக்கு அந்தப் பஞ்சைவிட்டால் வேறு மருந்தில்லை.

நடைக்குச்சி இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும். ஆனால் மடித்துப் பைக்குள் வைக்கக்கூடியதாக இருக்கட்டும். பாறையில் கை காலியாக இருக்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். ப்ரியோனியாவில் ஊற்று இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். குடிலில் வாங்கலாம். குடிலைத் தாண்டினால் உச்சி வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. சுண்ணாம்புக்கல் மலை, பெய்த மழையெல்லாம் விரிசல் வழியே உள்ளே போய்விடும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைத் தயார்படுத்த மாடிப்படியே போதும். ஏறுவதோடு இறங்கவும் பழகுங்கள். மறுநாள் 1,800 மீட்டர் இறக்கம் காத்திருக்கிறது.

முதல் நாள்: ப்ரியோனியாவிலிருந்து குடிலுக்கு

ப்ரியோனியா 1,100 மீட்டர். ஒரு உணவகம், வண்டி நிறுத்தும் இடம், ஊற்று, அவ்வளவுதான். மதியம் 12 மணிக்குள் கிளம்பினால் அவசரமில்லாமல் போய்ச்சேரலாம். பாதை நன்றாகவே தெரியும். முதலில் பீச் (beech) மரங்களின் நிழல். அப்புறம் கருப்பு பைன். மேலே போகப் போகப் போஸ்னியப் பைன் வரும். சாம்பல் நிறப் பட்டை, முறுக்கிய உடம்பு, மின்னல் வெட்டிப் பாதி கருகியும் மீதிப் பாதியில் பச்சை விட்டுக்கொண்டிருக்கும் மரங்கள்.

1,000 மீட்டர் உயரத்தை மூன்று மணி நேரத்தில் ஏறுவது சரியான வேகம். இரண்டரை மணியில் முடிப்பவர்களும் உண்டு. அவர்களோடு போட்டி போடாதீர்கள். பேச்சு தடைபடாமல் ஏறுகிற வேகம்தான் உங்கள் வேகம்.

கழுத்துமணிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். குடிலுக்கு அரிசி, எரிவாயு, பீர் எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போகின்றன. ஒதுங்கும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கவேண்டும். சரிவுப் பக்கம் நின்றால் கழுதையின் சுமை இடித்துத் தள்ளிவிடும். நான் தெரியாமல் வெளிப்பக்கம் நின்றேன். முன்னால் வந்த கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, என் பைக்கயிற்றைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

2,100 மீட்டரில் ஸ்பிலியோஸ் அகபிட்டோஸ் குடில். 'ஏ' குடில் என்றும் சொல்வார்கள். மலைக்குடிலைக் கிரேக்கர்கள் கட்டஃபீகியோ என்கிறார்கள், அடைக்கலம் என்று பொருள். மே நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அடுக்குக் கட்டில், கம்பளி கொடுப்பார்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஃபசோலாடா என்ற வெள்ளை பீன்ஸ் சூப், தக்காளிச் சாறு ஊற்றிய ஸ்பகெட்டி பெரும்பாலும் கிடைக்கும். இரவு 10 மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

சாப்பிட்டதும் இரண்டு வேலை. ஒன்று, குடில்காரர்களிடம் மறுநாள் வானிலையையும் மேலே பனி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எந்தச் செயலியையும்விட அவர்கள் வாய்ச்சொல் நம்பகம். இரண்டு, எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கப்போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலையும் இரவே நிரப்பிவைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: ஸ்காலா வரை

விடிவதற்கு அரைமணி முன்பே கிளம்பவேண்டும். உச்சியை விட்டு 11 மணிக்குள் இறங்கிவிடுவது என்பதை வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதுதான்.

குடிலைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் மரங்கள் குட்டையாகிக் காணாமல் போகும். திரும்பிப் பார்த்தால் கடலில் சூரியன் எழும்பிக்கொண்டிருக்கும். இங்கே வலப்பக்கம் ஒரு பாதை பிரியும். அது ஸொனாரியா பாதை. லூக்கி வழிக்கும் (அதைப் பின்னால் சொல்கிறேன்), கலைத் தேவதைகளான மியூஸ்களின் பெயர் கொண்ட பீடபூமிக்கும் போவது. நாம் நேரே மேலே, ஸ்காலாவுக்கு. இனி சரளைக்கல் சரிவு, நீண்ட வளைவுகள். வளைவுகளைக் குறுக்கே வெட்டிப் போகாதீர்கள். கல் சரியும், கீழே வருகிறவருக்கு ஆபத்து, உங்களுக்கும் மூச்சுப் போகும். பாறைகளுக்கு நடுவே காட்டாடுகள் நின்று பார்க்கும். பால்கன் ஷாமோய் என்ற இனம். அவை மேலே ஓடும்போதும் கல் உருளும் என்பதை மனதில் வையுங்கள்.

குடிலிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் ஸ்காலா. கடைசி அடியை எடுத்துவைக்கும்வரை எதிர்ப்பக்கம் தெரியாது. எடுத்து வைத்ததும் தரை முடிந்துவிடும், கஸானியாவின் மேல் நிற்போம். எனக்குக் குடல் ஒரு சுற்றுச் சுற்றியது. பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூச்சப்பட வேண்டாம், உட்காருங்கள். பத்து நிமிடம் தண்ணீர் குடித்து, ஏதாவது தின்று, கண்ணுக்கு அந்தப் பள்ளம் பழகட்டும்.

ஸ்காலாவில் எடுக்கும் முடிவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஸ்காலாவில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில. பாறை ஈரமாக இருக்கிறதா? நனைந்த சுண்ணாம்புக்கல் சோப்பு மாதிரி வழுக்கும். கஸானியாவிலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வழிகிறதா? மணி 10-ஐத் தாண்டிவிட்டதா? எதிரே நெரிசலாக ஆட்கள் வரிசை கட்டி நிற்கிறார்களா? கால் நடுங்குகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் போகாதீர்கள்.

போகாவிட்டால் நாள் வீணில்லை. இடப்பக்கம் திரும்பினால் 20 நிமிடத்தில் ஸ்கோலியோ. சும்மா நடந்தே போகலாம். மிட்டிக்காஸும் ஸ்டெஃபானியும் கஸானியாவின் மேல் செங்குத்தாக எழும்புவதை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. மிட்டிக்காஸின் மேல் நின்றால் மிட்டிக்காஸ் தெரியாது அல்லவா?

இந்த உச்சி எப்படிப்பட்டது என்பதற்கு வரலாறும் சாட்சி. தேவர்களின் வீடு என்று இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிய மலையின் உச்சியில் மனிதர் ஏறியதாகப் பதிவானது 1913 ஆகஸ்ட் 2-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தப் பகுதி ஒட்டோமான் ஆட்சியிலிருந்து கிரீஸிடம் வந்திருந்தது. அதுவரை கொள்ளையர்களின் காடாகவும் இருந்தது. 1911-ல் எட்வார்ட் ரிக்டர் என்ற ஜெர்மன் பொறியாளரைக் கடத்திக்கொண்டுபோய்ப் பணயம் கேட்டார்கள், உடன் வந்த காவலர்களைக் கொன்றுவிட்டார்கள். 1913-ல் ஏறியவர்கள் சுவிட்சர்லாந்துப் புகைப்படக்காரர் ஃப்ரெடெரிக் புவாசொனா, அவருடைய நண்பர் டேனியல் போ-போவி, வழிகாட்டியாக லிட்டோகோரோவைச் சேர்ந்த வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் காக்கலோஸ். பனிமூட்டத்தில் வேறொரு கொம்பின் மேல் ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டோம் என்று கொண்டாடியிருக்கிறார்கள். மூட்டம் விலகியபோது அதைவிட உயரமாக இன்னொன்று எதிரே நின்றது. மறுபடி இறங்கி ஏறினார்கள். காக்கலோஸ் வெறுங்காலோடு முன்னால் போனார் என்று சொல்வார்கள். மேகம் இங்கே கண்ணை எப்படிக் கட்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

காகோஸ்காலா: அந்த முக்கால் மணி நேரம்

ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்குங்கள். நடைக்குச்சி பைக்குள். கழுத்தில் தொங்கும் கேமராவும் பைக்குள். ஃபோனைப் பையின் வாரில் செருகாதீர்கள்.

உச்சிக்குப் போகும் வழி இறக்கத்தில் தொடங்குகிறது. இதுதான் முதல் அதிர்ச்சி. ஸ்காலாவிலிருந்து உடைந்த பாறைப் படிகளில் இறங்கி, முகட்டை ஒட்டியே நகர்ந்து, ஒரு இடுக்கைக் கடந்து, பிறகுதான் மிட்டிக்காஸின் முதுகில் ஏறவேண்டும். இடப்பக்கம் கஸானியா. சில இடங்களில் பாறைக்கு நடுவே ஜன்னல் மாதிரி திறந்திருக்கும், அதன் வழியே பள்ளம் தெரியும். பார்க்காமலும் இருக்க முடியாது.

இறங்கும்போது முகம் பாறையைப் பார்த்திருக்கட்டும், ஏணியில் இறங்குவது போல. வெளியே பார்த்தபடி உட்கார்ந்து சறுக்கி இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், பை பின்னால் இடித்து முன்னே தள்ளும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்கவேண்டும். நான்காவதை மட்டும் நகர்த்துங்கள். பிடியை இழுப்பதற்கு முன் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். "டொக்" என்று உள்ளே வெறுமையாகக் கேட்டால் அதை நம்பாதீர்கள், வேறு பிடி தேடுங்கள். பிடியை வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். உடலின் எடையைக் கால் தாங்கட்டும், கை சமநிலைக்கு மட்டும்.

சிவப்பு, மஞ்சள் வண்ணப் பொட்டுகள் வழி காட்டும். அடுத்த பொட்டு கண்ணில் படாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பொட்டு காணவில்லை என்றால் நீங்கள்தான் தவறிவிட்டீர்கள். கடைசியாகப் பார்த்த பொட்டுக்குத் திரும்புங்கள். பொட்டை விட்டு விலகினால் இலேசான பாறை சட்டென்று கடினமாகிவிடும்.

கல் உருண்டால் கத்துங்கள். கிரேக்கர்கள் "பெத்ரா!" என்பார்கள், கல் என்று அர்த்தம். அந்தச் சத்தம் மேலிருந்து கேட்டால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைக் குனியுங்கள். எதிரே ஆட்கள் வந்தால் அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். அவசரக்காரர்களை முன்னால் விட்டுவிடுவது எப்போதும் லாபம்.

கயிறு வேண்டுமா என்று கேட்பார்கள். காய்ந்த பாறையில், முன்பு கை வைத்துப் பாறை ஏறிப் பழகியவர்களுக்குத் தேவையில்லை. அந்தப் பழக்கம் இல்லாதவர்களும், உயரத்துக்குப் பயப்படுகிறவர்களும், மலை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கயிற்றோடு போவது கெட்டிக்காரத்தனம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கடைசி ஏற்றம் இறக்கத்தைவிட எளிது. பிடிகள் பெரியவை. திடீரென்று முன்னால் பாறை இல்லாமல் போகும், தகரத்தில் செய்த கிரேக்கக் கொடி தெரியும். உச்சி ஒரு சின்ன அறை அளவுதான். ஒரு பெட்டிக்குள் பதிவேடு இருக்கும், பெயரை எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். நான் எழுதும்போது விரல் விறைத்து "ழ" கோணலாகிவிட்டது.

கால் மணி நேரம் போதும். பாதிப் பயணம்தான் முடிந்திருக்கிறது. வந்த வழியிலேயே திரும்ப வேண்டும்.

லூக்கி வழி பற்றி

ஸொனாரியா பாதையிலிருந்து மிட்டிக்காஸுக்கு நேராக ஏறும், நீரில்லாத செங்குத்துப் பாறை ஓடைக்கு லூக்கி என்று பெயர். நேர் வழி, தூரம் குறைவு, பள்ளம் கண்ணை மிரட்டாது. இதனால் பலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. மேலிருந்து விழும் ஒவ்வொரு கல்லும் அந்த ஓடைக்குள்தான் வந்து சேரும், ஒதுங்க இடமில்லை. போகத்தான் வேண்டும் என்றால் கூட்டம் வருவதற்கு முன், அதிகாலையில், ஏறுவதற்கு மட்டும். ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது அதில் இறங்குவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இறக்கம்

ஸ்காலாவுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடலாம், ஆனால் கவனத்தைக் கழற்றிவிடாதீர்கள். சரளையில் களைத்த கால்தான் பிரளும். குடிலுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே சூடாக ஏதாவது குடித்துவிட்டு ப்ரியோனியாவுக்கு இரண்டு மணி நேரம். நடைக்குச்சியை வெளியே எடுங்கள், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கலாம், ஆனால் மலையின் எல்லா மடிப்பிலும் சிக்னல் கிடைக்காது.

மூன்றாவது நாள் ஒன்று கையில் இருந்தால் அன்றே இறங்காமல் மியூஸ்களின் பீடபூமியில் ஒரு இரவு தங்குங்கள். 2,600 மீட்டருக்கு மேல் அங்கே இரண்டு குடில்கள். ஒன்றுக்கு அந்தக் காக்கலோஸின் பெயர்தான். ஸ்டெஃபானியின் முதுகு நிமிர்ந்து நிற்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். பக்கத்துக் குன்றின் மேல் இறைவாக்கினர் எலியாவின் கல் தேவாலயம், 16-ஆம் நூற்றாண்டில் புனித டியோனிசியோஸ் கட்டியதாகச் சொல்வது. நெருப்புத் தேரில் வானம் ஏறியவரை இடிமின்னல் தேவனின் மலையில் குடிவைத்திருக்கிறார்கள். மறுநாள் ஸ்கூர்ட்டா, பெட்ரோஸ்ட்ரூகா வழியாகக் கோர்ட்ஸியாவுக்கு இறங்கலாம். முழுக்க வேறு காட்சி. ஆனால் கார் ப்ரியோனியாவில் நின்றால் இந்த வழி தொல்லை. டாக்சியில் வந்தவர்களுக்குத்தான் சௌகரியம்.

கீழே வந்தபின் அரைநாள் மிச்சமிருந்தால் டியோன். மலையடிவாரத்தில் மாசிடோனியர்களின் புனித நகரம், அலெக்சாண்டர் ஆசியாவுக்குப் படையெடுக்கும் முன் ஜீயஸுக்குப் பலி கொடுத்த இடம். சமதரை, மரநிழல், படியேற வேண்டியதில்லை. அன்றைக்கு உங்கள் தொடைக்கு அதுதான் வேண்டும். ஊற்றுநீர் தேங்கிய சதுப்பு நிலம் அது, மாலையானால் கொசு பிய்த்துவிடும், அதனால் காலையிலேயே போய்வந்துவிடுங்கள்.